உரிமையாளரின் விளக்கம்: இல்லை

எங்கள் உணவகத்தில் என் அக்காவுக்கு டிகிரி அக்கா என்று பெயர். புதிதாக வருகிறவர்கள், பெரிய படிப்புப் படித்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ஒரு நாளைக்கு இருபது தடவை ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே தொங்கும் தெர்மாமீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு டிகிரி ஆயிடுச்சு, கதவ மூடித் தொலைங்களேன்" என்று சமையல்கட்டே அதிரக் கத்துவாள். அதனால் வந்த பெயர் அது.

ஒன்பது மேசை உள்ள சின்ன உணவகம். கீழே கடை, மேலே எங்கள் வீடு. கணவர் இறந்த பிறகு நாற்பது வயதில் ஒரே ஒரு பெட்டியோடு அவள் என்னிடம் வந்தாள். மாடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே கீழே இறங்கி வந்து, "சும்மா உக்காந்து சாப்பிட எனக்கு வராதுடா, ஏதாவது வேல குடு" என்றாள். வெங்காயம் உரிக்கச் சொன்னேன். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அடுப்பு, பாத்திரம், சமையல்காரர்கள், நான் எல்லாரும் அவள் சொல்கிறபடி நடந்துகொண்டிருந்தோம். கடை என் பெயரில் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் உணவகம் நடத்த வேண்டுமானால், கடையில் ஒருவராவது உணவுப் பாதுகாப்புத் தேர்வு எழுதித் தேறியிருக்க வேண்டும். அவர்தான் பொறுப்பாளர். நானும் அக்காவும் சேர்ந்து மூன்று நாள் வகுப்புக்குப் போனோம். இரண்டாம் நாள் மதியம் நான் தூங்கிவிட்டேன். அவள் தொண்ணூற்றிரண்டு மதிப்பெண் வாங்கினாள். நான் ஃபெயில். இன்னொரு தடவை எழுதினேன், அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை போகவில்லை, ஃபெயிலாவதற்கும் ஓர் அளவு இருக்கிறதல்லவா? அக்காவின் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். அதை மாட்டும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதில் இப்போது ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

பொறுப்பாளருக்கு ஒரு வேலை உண்டு. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைப் பார்த்து, கதவில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாரத்துக்கு ஒரு தாள். பக்கத்திலேயே நூலில் கட்டிய பேனா தொங்கும். ஐந்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி.

எங்கள் பெரிய ஃப்ரிட்ஜ் கிழடு. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வெடித்து, குளிர் கசிந்துகொண்டிருந்தது. காலையில் ஒழுங்காக நாலு காட்டும். மதியக் கூட்டத்தில் கதவு ஓயாமல் திறந்து மூடும்போது எட்டு, சில நாள் ஒன்பது. அக்கா எட்டு என்றால் எட்டு என்றே எழுதினாள். பக்கத்திலேயே, 'மீன், கோழி சின்ன ஃப்ரிட்ஜுக்கு மாற்றப்பட்டது' என்று பொடி எழுத்தில் குறிப்பு வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கணுமா? ஆய்வுக்கு வர்றவங்க இதப் பாத்தா என்ன ஆகும்?"

"எட்டு இருந்தா எட்டுன்னுதான் எழுத முடியும். ரப்பர மாத்து, நாலுன்னு எழுதறேன்."

"மாத்தலாம், மாத்தலாம்."

இந்த 'மாத்தலாம்' பதினோரு மாதம் ஓடியது. பழைய மாடல், ரப்பர் வரவழைக்க வேண்டும், இரண்டு நாள் கடையை மூட வேண்டியிருக்கும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். இரண்டு நாள் மூட எனக்கு மனம் வரவில்லை. அதனால் தாளை நானே எழுத ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்கு விடுமுறை. காலி மேசையில் டீயை வைத்துக்கொண்டு, வரப்போகிற ஒரு வாரத்துக்கும் உட்கார்ந்து நிரப்புவேன். அக்காவின் நாலு, கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி இருக்கும். அதை அப்படியே பிடித்துவிட்டேன். அவள் கையெழுத்தின் வாலும் கைக்கு வந்துவிட்டது. எல்லாமே நாலாக இருந்தால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே ஒரு மூன்று, வாரத்துக்கு ஒரு ஐந்து. ஒரே பேனாவில் எழுதக் கூடாது என்று இரண்டு பேனா. கடைசியில் எண்ணெய்க் கட்டைவிரலால் ஓர் ஓரத்தில் லேசாக ஒரு தேய்ப்பு. கள்ளநோட்டு அடிக்கிறவன்கூட அவ்வளவு சிரத்தையாகச் செய்திருக்க மாட்டான். இன்னும் வராத நாட்கள் கண்ணில் படக் கூடாதல்லவா, அதற்காகத் தாளின் கீழ்ப்பாதியின் மேல் துப்புரவுப் பட்டியலை ஒரு க்ளிப்பால் செருகி வைப்பேன். தினமும் காலையில் அந்தப் பட்டியலை ஒரு வரி கீழே இறக்குவேன். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பெருமை வேறு.

முதல் வாரமே அக்கா கண்டுபிடித்துவிட்டாள். கரண்டியைக் கையில் பிடித்தபடியே தாளின் முன்னால் நின்றாள்.

"இத யாரு எழுதினா?"

"நீதான். உன் கையெழுத்து இருக்குல்ல?"

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "சாப்பாடு கெடாம நான் பாத்துக்கறேன். பேப்பர் உன் பாடு" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிட்டாள். அன்றிலிருந்து மதியம் பன்னிரண்டரை ஆனால் மீனையும் கோழியையும் சின்ன ஃப்ரிட்ஜுக்குத் தூக்குவாள். மூன்று மணிக்குத் திரும்பத் தூக்குவாள். கனமான தட்டுகள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. எங்கள் கடையில் சாப்பிட்டு ஒருத்தருக்கும் வயிற்றைப் புரட்டியதில்லை. தாளில் இருந்தது பொய், தட்டில் இருந்தது சுத்தம். இரண்டாவது அவளால்.

அந்த வருடம்தான் இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்தில் சொந்தமாகச் சமையல்கூடம் கட்டினார்கள். நானூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. அதற்குத் தலைமைச் சமையல்காரர் தேவை என்று அறிவிப்பு வந்தது. வயது ஐம்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு ஐம்பத்து நாலு.

விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து அவள் ஆளே மாறிப்போனாள். ஒரு நோட்டு வாங்கி, நாற்பது பேருக்கான சூப்பை நானூறு பேருக்கு எழுதினாள். கேரட் எவ்வளவு, எந்த அளவில் பாத்திரம், எத்தனை மணிக்கு அடுப்பைப் பற்ற வைப்பது என்று பக்கம் பக்கமாக எழுதினாள்.

"உப்ப மட்டும் பத்து மடங்கு போட்டுடக் கூடாதுடா. ஏழு போட்டு, வாயில வெச்சுப் பாத்துட்டு அப்புறம்தான் மிச்சம்" என்று எனக்குப் பாடம் நடத்துவாள். நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்த அன்று, தலைமை ஆசிரியை அந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்ததை மூன்று தடவை சொன்னாள். தனியாக வீடு பார்க்கப் போவதாகவும் சொன்னாள்.

"இங்க என்னக்கா குறை உனக்கு?" என்றேன்.

"குறையெல்லாம் இல்ல. ஒரு தடவையாவது, நான் சொல்றதுதான் கடைசி வார்த்தைன்னு ஒரு சமையல்கட்டு வேணும்."

"இங்க மட்டும் யாரு சொல்றது நடக்குதாம்?"

அவள் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த தாளைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, சுகாதார ஆய்வாளர் உள்ளே வந்தார். கையில் எப்போதும் ஒரு டார்ச் வைத்திருப்பார் என்பதால் எங்கள் ஆட்கள் அவருக்கு டார்ச் மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். தொட்டிக்கு அடியில் குனிந்து வெளிச்சம் அடித்தார். கொதிக்கும் சூப்பில் தெர்மாமீட்டர் கம்பியை விட்டு அளந்தார். சமையல்காரர்களின் நகத்தைப் பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவி, விரலைப் பார்த்து, தலையை ஆட்டினார். "ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க" என்று அக்காவிடம் சொன்னார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டேன், ஏதோ நான் துடைத்த மாதிரி.

பிறகு ஃப்ரிட்ஜ் கதவுக்கு வந்தார். வந்தவர் நகரவில்லை.

"இன்னைக்கு என்ன கிழமை?"

சும்மா கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். "செவ்வாய், மேடம்."

"சனிக்கிழமை சாயங்காலம் நாலு டிகிரி இருக்கும்னு இப்பவே எப்படித் தெரியும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் பில் கட்டு ஒன்றைச் செருக க்ளிப் கிடைக்காமல், தாளில் இருந்த க்ளிப்பை உருவிக்கொண்டு போனவன் நானே. துப்புரவுப் பட்டியல் தரையில் கிடந்தது. ஏழு நாளும் மூன்று வேளையும் பளிச்சென்று தெரிந்தது.

சமையல்கட்டில் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. டார்ச் மேடம் கையெழுத்தைப் பார்த்தார், கல்லாவுக்கு மேலே இருந்த சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொறுப்பாளர் எழுதினதுன்னா, பதிவுல குளறுபடின்னு மஞ்சள் அட்டை. உரிமையாளருக்குத் தெரிஞ்சே நடந்திருந்தா சிவப்பு அட்டை, இன்னைக்கே பூட்டணும். யாரு எழுதினது?"

நான் தரையில் கிடந்த பட்டியலைப் பார்த்தேன்.

அக்கா ஈரக் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள். "நான்தான் மேடம். வேல நெருக்கடியில மறந்துடுவேன்னு முன்னாடியே எழுதி வெச்சுட்டேன்."

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது, மேடம்" என்றேன்.

இவ்வளவு வருடம் போய்விட்டது. அந்த இரண்டு சொல்லையும் எந்தக் குரலில் சொன்னேன் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. கொஞ்சம் அதிர்ச்சி அடைந்தவன் மாதிரிக்கூடச் சொன்னேன். அதுதான் என்னால் என்னை மன்னிக்கவே முடியாத இடம்.

அவர் அறிக்கையை எழுதி நகலை என்னிடம் கொடுத்தார். 'வெப்பநிலைப் பதிவுகள் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தன. பொறுப்பாளர் ஒப்புக்கொண்டார்.' அதற்குக் கீழே நான்கு கோடு போட்ட ஒரு கட்டம். மேலே 'உரிமையாளரின் விளக்கம்' என்று இருந்தது. "பதினாலு நாள் டைம் இருக்கு. ஏதாவது சொல்லணும்னா இதுல எழுதி ஆபீஸ்ல குடுங்க. அதுக்கப்புறம் எங்க இணையதளத்துல ஏறிடும்" என்றார். சொல்லும்போது என் கண்ணையே பார்த்தார்.

அன்று மதியமே என் மனைவி படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். "அண்ணி நம்ம கடைய காப்பாத்திட்டாங்க. நீங்க போயி உண்மைய எழுதிக் குடுத்துட்டு வாங்க. ஒரு வாரம் பூட்டினா பூட்டட்டும்."

"நாளைக்குப் போறேன்" என்றேன்.

மூன்றாம் நாள் மெக்கானிக்கை வரவழைத்து ரப்பரை மாற்றினேன். பதினோரு மாதம் இழுத்த காரியம் அரை நாளில் முடிந்தது. எதையோ செய்துவிட்ட மாதிரி மனம் சமாதானமாயிற்று. படிவம் கல்லா மேசையின் இழுப்பறையில் கிடந்தது. பத்தாம் நாள் அக்கா காய் நறுக்கிக்கொண்டே, "அந்த ஃபாரம் எங்கடா வெச்சிருக்க?" என்று கேட்டாள். "பத்திரமா இருக்குக்கா" என்றேன். பதினாலாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் மூடியபோது, நான் கல்லாவில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அக்கா நேர்மையாகத் தன் வேலையிடத்தை எழுதியிருந்தாள். அவர்கள் ஆய்வுப் பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 'பதிவேட்டுக் குறிப்பு காரணமாகத் தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை' என்று மூன்றே வரி. அவள் நின்றபடியே படித்தாள். மடித்து, அந்த நானூறு பேர் நோட்டுக்குள் வைத்தாள். அன்றைக்கு மதியம் சூப்பில் உப்பு, காரம் எல்லாம் சரியாகவே இருந்தது.

அதற்கடுத்த மாதம் மறு ஆய்வில் பச்சை அட்டை கிடைத்தது. நான் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். அக்கா ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற இடத்துல வேல கெடச்சிருக்கு. திங்கக்கிழமையிலேந்து போறேன்" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபப்பட்டேன். "இப்படித் திடுதிப்புன்னு சொன்னா நான் ஆளுக்கு எங்க போவேன்?" என்று எகிறினேன்.

அவள் போனாள். தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டாள். பெரிய பெரிய படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை. எங்களோடு பேச்சை முறிக்கவில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குத் தவறாமல் வருவாள், வெளிப்படி வழியாக நேரே மாடிக்கு. கீழே சமையல்கட்டுக்குள் மட்டும் கால் வைக்க மாட்டாள். ஒரு சொல், ஒரு குத்தல், ஒரு பெருமூச்சு? எதுவும் இல்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் திட்டாததில் எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது. இவளை யார் ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள், நான் கேட்டேனா என்று எனக்குள் பேசிக்கொண்டே காலிஃபிளவர் நறுக்குவேன். அப்படி ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் புதிதாக ஓர் ஆய்வாளர் வந்தார், இளைஞர். எங்கள் கடையின் பழைய பதிவுகளையெல்லாம் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் பச்சை, நடுவில் ஒரே ஒரு மஞ்சள். "ஏழு வருஷம் ஆனா பழசு தானா அழிஞ்சிடும் சார். அடுத்த வருஷம் உங்க ரெக்கார்ட்ல ஒரு கறை இருக்காது" என்று எனக்கு நல்ல செய்தி சொன்னார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். 'பொறுப்பாளர் ஒப்புக்கொண்டார்.' அதற்குக் கீழே: 'உரிமையாளரின் விளக்கம்: இல்லை.' அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். காலியாக விட்டால் அவர்கள் 'இல்லை' என்று எழுதிவிடுவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்த வருடம் இதுவும் போய்விடும். அப்புறம் திருத்தவும் இடம் இருக்காது.

மறுநாள் சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா என் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "சார், இதுக்கு டைம் எப்பவோ முடிஞ்சிருச்சே. யாரும் உங்கள கேக்கலையே? இதக் குடுத்தா இப்ப உங்க மேல நடவடிக்கை வரும்."

"வரட்டும்."

தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போய் அதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தார். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். பத்து நாள் கடையைப் பூட்ட உத்தரவு ஒரு கையில், திருத்திய பதிவின் நகல் இன்னொரு கையில். 'உரிமையாளரின் விளக்கம்: பொய்ப் பதிவுகளை எழுதியது நான். பொறுப்பாளரின் கையெழுத்தைப் போட்டதும் நான். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.' கீழே அன்றைய தேதி.

அதை எடுத்துக்கொண்டு நேராக அக்காவின் அறைக்குப் போனேன். மூன்றாவது மாடி. அன்று அவளுக்கு விடுமுறை. ஒற்றை அடுப்பில் ஒரே ஆளுக்கு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கட்டிலில் துணிகள் ஓரம் பிசகாமல் மடித்து அடுக்கியிருந்தன. "என்னடா, கடை நேரத்துல?" என்றாள். தாளை நீட்டினேன்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். விரிப்பு மடித்து மடித்து அவள் விரல்களின் முட்டி வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"இத வெச்சு இப்ப நான் என்னடா பண்றது?" என்றாள். கோபமே இல்லாமல், நிஜமாகவே கேட்டாள். "எனக்கு அறுபது ஆச்சு."

"தெரியும்க்கா."

"அன்னைக்குக் கடைய பூட்டாம இருந்தா போதும்னுதான் நான் வாயத் தொறந்தேன். எட்டு பேரு வேல. அப்புறம் நீ நிதானமா போயி, மறச்சு மறச்சாவது எதையோ எழுதிக் குடுத்து என் பேர அதுலேந்து எடுத்துடுவன்னு நெனச்சேன். பதினாலு நாளும் எதிர்பாத்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவள் எழுந்து அலமாரியிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தாள். உள்ளே பள்ளிக்கூடத்துக் கடிதம் மடித்தபடியே இருந்தது. அதன் மேல் என் தாளை வைத்து மூடப் போனவள், கடைசி வரியில் இருந்த தேதியை இன்னொரு தடவை பார்த்தாள்.

"நடக்காததெல்லாம் ஒரு வாரம் முன்னாடியே எழுதி வெப்பியேடா. இத மட்டும் ஏண்டா இவ்வளவு நாள் கழிச்சு எழுதின?"

நோட்டை மூடி வைத்துவிட்டு, அடுப்பைத் தணிக்கப் போனாள்.